எந்த வரி தடுத்தது?

ஆங்கிலத்தில் விளம்பரத்தைச் சுருக்கிச் சொல்லும் சொல்லுக்கு ஏ, டி என்று இரண்டே எழுத்து. விளம்பரத் தடுப்பானில் சொந்தமாக ஒரு விதி எழுத உட்காருபவருக்கு முதலில் தோன்றும் யோசனை, இந்த இரண்டு எழுத்தும் சேர்ந்து வரும் முகவரியை எல்லாம் மறித்துவிடலாம் என்பதுதான். விதி ஒரே வரியில் முடிந்துவிடும். விளம்பரமும் காணாமல் போகும். கூடவே டவுன்லோடு போகும், அப்லோடு போகும், ரேடியோ போகும். ஹைதராபாத்தும் கனடாவும் போகும். மதுரையையும் தமிழ்நாட்டையும் ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தால், இரண்டின் உள்ளேயும் அதே ஜோடி உட்கார்ந்திருக்கிறது. மதுரைச் செய்திகளுக்கான பக்கத்தில் படங்கள் வராது, பட்டன்கள் வேலை செய்யாது. படிப்பவர் நெட் சரியில்லை என்று நினைத்து ரூட்டரை அணைத்துப் போடுவார்.

விளம்பரத் தடுப்பான்களின் கதையை விளம்பர நிறுவனங்களுக்கும் பயனர்களுக்கும் நடந்த சண்டையாகவே பெரும்பாலும் எழுதுகிறார்கள். அதற்குள்ளே இன்னொரு வரலாறு ஓடுகிறது. ஒரு பக்கம் உடைந்து நிற்கும்போது, ஆயிரக்கணக்கான வரிகளில் எந்த வரி அதை உடைத்தது என்று கண்டுபிடிக்க மனிதர்கள் பாடுபட்ட வரலாறு அது. தடுக்கும் கருவி கிடைத்தது சீக்கிரம். எதற்காகத் தடுத்தது என்று முழுமையாகச் சொல்லும் கருவி வந்து சேர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. இரண்டில் இரண்டாவதே பெரிய சாதனை.

1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு தளத்தில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பட்டை விளம்பரம் வந்தது. வலையில் விளம்பரப் பட்டைகளின் காலம் அங்கிருந்து தொடங்குகிறது. அதைத் தடுக்க முதலில் கைகொடுத்தவற்றில் ஒன்று, விளம்பரத்துக்கெல்லாம் வெகுகாலம் முந்தைய ஒரு கோப்பு. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தில் எந்தக் கணினிக்கு என்ன எண் என்பதை ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனம் ஒரே பட்டியலாகப் பராமரித்து வந்தது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வகுத்த பிறகு அந்தப் பட்டியலுக்குத் தேவை குறைந்தது. ஆனாலும் அதன் வாரிசான ஹோஸ்ட்ஸ் கோப்பு ஒவ்வொரு கணினியிலும் தங்கிவிட்டது. விளம்பர சர்வரின் பெயருக்கு நேராக 127.0.0.1 என்று எழுதினால், கணினி அந்த விளம்பரத்தைத் தன்னிடமே தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பும்.

எளிமைதான் அதன் பலம். அதன் குறையும் அதுவே. ஹோஸ்ட்ஸ் கோப்புக்கு சர்வரின் பெயர் மட்டுமே தெரியும். அந்த சர்வரின் ஒரு கோப்பு வேண்டும், இன்னொன்று வேண்டாம் என்று அதனிடம் சொல்ல முடியாது. இந்தத் தளத்தில் அனுமதி, அந்தத் தளத்தில் தடை என்றும் சொல்ல முடியாது. எந்த வரி எதைத் தடுத்தது என்ற பதிவும் இல்லை. ஏதாவது உடைந்தால் கோப்பின் பாதி வரிகளுக்கு முன்னால் # குறி போட்டு முடக்கிப் பார்க்க வேண்டும். பக்கம் சரியாகிவிட்டால் குற்றவாளி அந்தப் பாதியில் இருக்கிறது. அதை மீண்டும் பாதியாக்க வேண்டும். பத்தாயிரம் வரிகள் இருந்தாலும் பதினான்கு முறைக்குள் ஒரே வரிக்கு வந்துவிடலாம். எந்த வசதியும் இல்லாத கருவியில் இன்றைக்கும் நம்பகமான வழி இந்தப் பாதியாக்கும் முறைதான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்த ஜங்க்பஸ்டர் அடுத்த படி. உலாவிக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று ஒவ்வொரு கோரிக்கையையும் பார்த்து அனுப்பும் பிராக்ஸி அது. தடைப்பட்டியலில் வரிக்கு ஒரு விதி. சர்வரின் பெயரோடு அதற்குப் பின்னால் வரும் பாதையையும் குறிப்பிடலாம். விலக்கு என்ற எண்ணமும் இங்கே நுழைந்தது: வரியின் தொடக்கத்தில் ~ குறி போட்டால் அது அனுமதி. ஒரு முகவரிக்குப் பல வரிகள் பொருந்தினால், கடைசியாகப் பொருந்திய வரியின் பேச்சே செல்லும். எனவே வரிகளின் வரிசை மிக முக்கியம். அனுமதியை மேலே எழுதி, அதையும் சேர்த்து வளைக்கும் பொதுத் தடையைக் கீழே எழுதியவருக்கு அந்த அனுமதியால் எந்தப் பயனும் இல்லை. எழுத்துப்பிழை எதுவும் இருக்காது, விதி இருக்க வேண்டியபடியே இருக்கும், இடம்தான் தவறு.

ஜங்க்பஸ்டரின் நிரலிலிருந்து 2001 வாக்கில் பிரிவாக்ஸி பிறந்தது. கண்டுபிடிக்கும் வரலாற்றில் அதற்கு மரியாதையான இடம் உண்டு. திட்டத்தார் தரும் விதிகள் ஒரு கோப்பில், பயனரின் சொந்த விதிகள் வேறொரு கோப்பில் என்று அது பிரித்தது. பயனரின் கோப்பு கடைசியில் படிக்கப்படும். ஆகவே அவருடைய சொல்லே முடிவு. புதிய பதிப்பு வந்து திட்டத்தாரின் கோப்பு மாறினாலும் சொந்த விதிகள் அழியாது. எளிதில் உடையும் தளங்களுக்கென்றே ‘ஃப்ராஜைல்’ என்றும், கடைத் தளங்களுக்கு ‘ஷாப்’ என்றும் தனி அடைமொழிகளை அது வைத்திருந்தது. தன் விதிகள் சில தளங்களை உடைக்கும் என்பதைக் கருவியே ஒப்புக்கொண்டு அதற்கு இடமும் ஒதுக்கியது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அதற்குள் இருந்த ஒரு பக்கம். அதில் ஒரு முகவரியை ஒட்டினால், எந்தக் கோப்பின் எந்தப் பகுதி அதற்குப் பொருந்துகிறது, கடைசியில் என்ன முடிவு என்று வரிசையாகச் சொல்லும். ‘ஏன்’ என்ற கேள்விக்குக் கருவியே பதில் சொன்ன தொடக்கங்களில் இது ஒன்று.

ஆனால் பிராக்ஸியை நிறுவி அமைப்பது சாதாரணப் பயனருக்குச் சுலபமாக இல்லை. 2002-ல் டென்மார்க் மாணவர் ஹென்ரிக் ஆஸ்டெட் சோரன்சன், அப்போது ஃபீனிக்ஸ் என்ற பெயரில் இருந்த ஃபயர்ஃபாக்ஸுக்கு ஆட்பிளாக் என்ற நீட்சியை எழுதினார். இனி விதி உலாவிக்குள்ளேயே. படத்தின் மீது வலது கிளிக் செய்து தடுத்துவிடலாம். அதிலிருந்து கிளைத்த ஆட்பிளாக் பிளஸ் 0.5 பதிப்பில் மைக்கேல் மெக்டொனால்டு அனுமதிப் பட்டியலையும், வேறொருவர் பராமரிக்கும் விதிப்பட்டியலுக்குச் சந்தா சேரும் வசதியையும் கொண்டுவந்தார். 2006 ஜனவரியில் விளாதிமிர் பலாண்ட் திட்டத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் எழுதினார்.

இந்தக் காலத்தில் உருவான விதிமொழியைத்தான் சிறு சிறு மாற்றங்களோடு உலகம் இன்றும் எழுதுகிறது. தொடக்கத்தில் || போட்டால் ‘இந்த டொமைனும் அதன் கிளைகளும்’ என்று பொருள். ^ என்பது எல்லைக்கல்: எழுத்தும் எண்ணும் அல்லாத, ஹைபன், புள்ளி போன்ற சில குறிகளும் அல்லாத ஒரு குறியோ முகவரியின் முடிவோ அங்கே வர வேண்டும். @@ என்று தொடங்கினால் விலக்கு. $ குறிக்குப் பிறகு நிபந்தனைகள்: ஸ்கிரிப்ட் மட்டும், படம் மட்டும், மூன்றாம் தரப்பிலிருந்து வந்தால் மட்டும், இன்ன தளத்தில் மட்டும். ## போட்டால் கோரிக்கை தடுக்கப்படாது. பக்கத்தில் வந்துவிட்ட ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்படும்.

இந்த மொழியில் எத்தனையோ பேர் விழுந்த ஒரு குழி உண்டு. விளம்பரப் படங்கள் ‘ஆட்ஸ்’ என்ற அடைவில் இருப்பதைப் பார்த்த ஒருவர், அந்தச் சொல்லுக்கு இரண்டு பக்கமும் சாய்கோடு போட்டு விதி எழுதுகிறார். அடைவின் பெயரைத்தான் எழுதியிருக்கிறோம் என்பது அவர் நினைப்பு. ஆனால் சாய்கோட்டில் தொடங்கிச் சாய்கோட்டில் முடியும் வரியை ஆட்பிளாக் பிளஸ் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்து வடிவத்தைக் குறிக்கும் கோவை, என்றே எடுத்துக்கொள்ளும். சாய்கோடுகள் வெறும் வேலிகளாகிவிடும். உள்ளே இருக்கும் மூன்று எழுத்து எங்கே வந்தாலும் தடை. டவுன்லோட்ஸ், அப்லோட்ஸ், த்ரெட்ஸ் எல்லாம் அந்த வலையில் விழும். தீர்வு ஒரே எழுத்து: கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் ஒரு * போட்டால் போதும், அது மீண்டும் சாதாரண விதியாகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளும்வரை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்த வரியில் பிழை கண்ணில் படாது.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் மோகம் அப்போது பட்டியல்களையும் பிடித்திருந்தது. ஃபில்டர்செட்-ஜி என்ற புகழ்பெற்ற பட்டியல் பல விளம்பர முறைகளை நீளமான கோவைகளாகச் சுருட்டி வைத்திருந்தது. ஒரு கோவைக்குள் நூறு சொற்கள் இருக்கும்போது, பக்கத்தை உடைத்தது அவற்றில் எது என்று எப்படிச் சொல்வது? வேகத்திலும் சிக்கல். பலாண்டின் நிரல் ஒவ்வொரு சாதாரண விதியிலிருந்தும் எட்டு எழுத்துத் துண்டு ஒன்றை எடுத்து அட்டவணையாக வைத்துக்கொண்டு, பெரும்பாலான விதிகளைத் தொடாமலே முகவரியைச் சோதித்துவிடும். கோவைகளுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு முகவரியிலும் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். 2005-ல் ரிக் பெட்னெல் தொடங்கிய ஈஸிலிஸ்ட், சின்னச் சின்னத் தனி வரிகளின் பக்கம் நின்றது. கடைசியில் நிலைத்ததும் அதுதான். 2009-ல் அவர் இறந்த பிறகு மற்றவர்கள் பட்டியலைத் தொடர்ந்து நடத்துகிறார்கள். தனித்தனி வரியாக எழுதியதன் அருமை, பிழை திருத்தும்போதுதான் தெரியும்: ஒரு வரியை நீக்கினால் ஒரே ஒரு விளைவு மாறும்.

ஈஸிலிஸ்டின் திருத்தப் பதிவுகளைப் புரட்டினால் ஒரு வழக்கம் கண்ணில் படும். புதிதாகச் சேர்த்த விதிக்கு முன்னால் ‘ஏ’, பராமரிப்பு வேலைக்கு ‘எம்’, பட்டியலால் உடைந்த பக்கத்தைச் சரிசெய்ததற்கு ‘பி’ என்று ஓர் எழுத்து. இந்த ‘பி’ வரிகள் மதிப்பு மிக்கவை. எங்கோ ஒரு நூலகத் தளம், எங்கோ ஒரு வங்கிப் படிவம் வேலை செய்யவில்லை என்று யாரோ எழுதியதைப் படித்து, சம்பளமில்லாத ஒருவர் உட்கார்ந்து அந்த விதியைக் குறுக்கியதற்கான சாட்சி அவை.

ஆட்பிளாக் பிளஸில் பக்கத்தின் எல்லாக் கோரிக்கைகளையும் காட்டும் பட்டியல் ஒன்று இருந்தது. தடுக்கப்பட்டவை தனி நிறத்தில் தெரியும், தடுத்த விதியும் பக்கத்திலேயே இருக்கும். ஒவ்வொரு விதியும் எத்தனை முறை பொருந்தியது, கடைசியாக எப்போது என்ற கணக்கும் உண்டு. நாம் எழுதிய விதிக்கு நேரே பூஜ்யம் இருந்தால் அது எதிலும் பொருந்தவே இல்லை. எண் ஏறிக்கொண்டே போனால் அது வேண்டாத இடத்திலும் பாய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விதிகளுக்குள் அதிகாரச் சண்டை வந்ததும் இந்தக் காலத்தில்தான். 2009 மே மாதம் நோஸ்கிரிப்ட் நீட்சிக்கும் ஆட்பிளாக் பிளஸுக்கும் நடந்தது அதில் கசப்பானது. நோஸ்கிரிப்டின் தளத்தில் இருந்த விளம்பரங்களை ஈஸிலிஸ்ட் தடுத்தது. தடைக்குத் தப்பத் தளம் தன்னை மாற்றிக்கொண்டது, பட்டியல் இன்னும் கடுமையானது. ஒரு கட்டத்தில் நோஸ்கிரிப்ட், பயனரின் கணினியில் இருந்த ஆட்பிளாக் பிளஸின் செயலையே தன் தளங்களுக்காகச் சத்தமில்லாமல் மாற்றியது. அந்தச் சில நாட்களில் தன் விதிகளை எவ்வளவு அலசினாலும் ஒருவருக்குக் காரணம் கிடைத்திருக்காது. காரணம் வேறொரு நீட்சியில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நோஸ்கிரிப்டை எழுதிய ஜோர்ஜோ மாவோனே மன்னிப்புக் கேட்டு அந்த மாற்றத்தை நீக்கினார். எல்லா விதியும் சரியாக இருந்தும் பக்கம் சரியாகவில்லை என்றால், மற்ற நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார் என்று அனுபவசாலிகள் சொல்வது வெறும் சடங்கு அல்ல.

2011 டிசம்பரில் ஆட்பிளாக் பிளஸ் ‘ஏற்கத்தக்க விளம்பரங்கள்’ என்ற விலக்குப் பட்டியலைத் தானாகவே இயங்கும்படி சேர்த்தது. அறமா இல்லையா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். விதி எழுதுபவருக்கு அதனால் உண்டான சிக்கல் வேறு. இந்த மொழியில் தடையும் விலக்கும் மோதினால் விலக்குக்கே வெற்றி. ஜங்க்பஸ்டரில் வரிசைக்கு இருந்த இடம் இங்கே இல்லை. சொந்தமாக எழுதிய தடை வேலை செய்யவில்லையே என்று தேடினால், எங்கோ ஒரு சந்தாப் பட்டியலில் @@ வரி ஒன்று அதைத் தோற்கடித்துக்கொண்டிருக்கும்.

இதற்கு முழுமையான விடை சொன்னவர் கனடாவின் ரேமண்ட் ஹில். 2014 ஜூனில் அவர் வெளியிட்ட யூபிளாக், அடுத்த ஆண்டு இரண்டாகப் பிரிந்து, அவர் கையில் யூபிளாக் ஆரிஜின் ஆனது. விலக்கையும் மீறும் தடைக்கு ‘இம்பார்ட்டன்ட்’ என்ற நிபந்தனை. பட்டியலில் உள்ள ஒரே ஒரு வரியை மட்டும் செயலிழக்கச் செய்ய, அதே வரியை நகலெடுத்துப் பின்னால் ‘பேட்ஃபில்டர்’ என்று சேர்த்தால் போதும். பட்டியலைக் கைவிட வேண்டியதில்லை. முழுப் பக்கமே தடுக்கப்பட்டால் எந்த விதி, எந்தப் பட்டியல் என்று திரையிலேயே எழுதிக்காட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே லாகர். தனி டேபில் திறந்துவைத்துவிட்டுப் பக்கத்தை ரீலோடு செய்தால், கோரிக்கைகள் நேரத்தோடு வரிவரியாக இறங்கும். தடுக்கப்பட்டவை சிவப்பில், விலக்கு விதியால் விடப்பட்டவை பச்சையில். ஒரு செய்தித் தளத்தில் வீடியோ ஓடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். சிவப்பு வரிகள் முப்பது இருக்கும். எல்லாவற்றையும் திறந்துவிடக் கூடாது. எந்த வரி வீடியோ சர்வரின் பெயரைச் சொல்கிறது, அதன் வகை ஸ்கிரிப்டா மீடியாவா என்று பார்க்க வேண்டும். வரியைக் கிளிக் செய்தால் தடுத்த விதியும், அது எந்தப் பட்டியலிலிருந்து வந்தது என்பதும் தெரியும். விலக்கு எழுதும்போது அந்தச் செய்தித் தளத்துக்கு மட்டும், அந்தக் கோப்பு வகைக்கு மட்டும் என்று குறுக்க வேண்டும். ரீலோடு செய்ததும் அந்த வரி பச்சையாகி வீடியோ ஓடினால் வேலை முடிந்தது. பச்சையாகியும் ஓடவில்லை என்றால், அதற்கு அடுத்துக் கேட்கப்பட்ட இன்னொரு கோப்பு சிவந்து நிற்கும். ஒன்று திறந்த பிறகுதான் மற்றது கேட்கப்படும் என்பதால், இரண்டாவது தடை முதல் முறை கண்ணில் படுவதில்லை.

ஹில் சேர்த்த கட்ட அட்டவணையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சிவப்பு தடை, பச்சை அனுமதி, சாம்பல் ‘நூப்’. மூன்றாம் தரப்பு ஸ்கிரிப்டுகள் எல்லாவற்றுக்கும் சிவப்புப் போட்டவர், ஒரு தளம் உடைந்ததும் அவசரமாகப் பச்சை போடுவார். பச்சை, பட்டியல் விதிகளையும் மீறிவிடும். தடுக்கப்பட வேண்டிய வேவு ஸ்கிரிப்டுகளும் அதோடு உள்ளே வந்துவிடும். சாம்பல், தான் போட்ட பொதுத் தடையிலிருந்து மட்டும் விடுவித்து, பட்டியல்களைத் தம் வேலையைச் செய்ய விடும். பெரும்பாலும் தேவைப்படுவது சாம்பல்தான். மாற்றிய பிறகு பூட்டுக் குறியை அழுத்தாவிட்டால் அந்த விதி தற்காலிகம். உலாவியை மூடித் திறந்தால் இருக்காது.

விதி ஒரே வரியானாலும் அதன் பின்னால் வழக்குமன்ற வாசல்வரை போகும் விவகாரங்கள் இருந்தன. 2017 ஆகஸ்டில் ‘ஃபங்ஷனல்கிளாம்’ என்ற டொமைனைத் தடுத்த ஒரு வரியை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்ட அறிவிப்பால் ஈஸிலிஸ்ட் நீக்க நேர்ந்தது. அறிவிப்பைக் கொடுத்தது, விளம்பரத் தடுப்பைக் கண்டறியும் சேவை விற்கும் அட்மிரல் நிறுவனம். 2022-ல் வந்த இடர் வேறு வகை, இந்தியாவிலிருந்து வந்தது. இங்கே பரவலாகப் பயன்பட்ட ஆண்ட்ராய்டு உலாவி ஒன்று, திறக்கும் போதெல்லாம் விதிப்பட்டியலைப் புதிதாக இறக்கியது. அந்தச் சுமையில் ஈஸிலிஸ்டின் சர்வர்கள் திணறின. பட்டியல் இறங்காத பயனர்களுக்குப் பழைய விதிகள் பழைய பிழைகளோடு தங்கிவிட்டன.

இன்றைய நிலை வருந்தத்தக்கது. 2015 செப்டம்பரில் ஐஓஎஸ் 9-ல் ஆப்பிள் சஃபாரிக்குக் கொடுத்த முறையில், நீட்சி விதிகளை உலாவியிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எந்தப் பக்கத்தைப் பயனர் பார்க்கிறார் என்பது நீட்சிக்குத் தெரியாது. தனியுரிமைக்கு அது நல்லதுதான். ஆனால் எந்த விதி எதைத் தடுத்தது என்பதும் நீட்சிக்குத் தெரியாது. கூகுள் 2018-ன் இறுதியில் முன்வைத்த, நீட்சிகளுக்கான மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய வரையறை குரோமையும் அதே திசையில் இழுத்தது. பழைய முறை நீட்சிகளை நிறுத்தும் வேலை 2024-ல் தொடங்கி 2025-ல் முடிந்தது. விதி எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்ததைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். இன்னொரு இழப்பு கவனம் பெறவில்லை: எந்த முகவரி எந்த விதியில் மாட்டியது என்று உடனுக்குடன் காட்டும் வசதியை குரோம், உருவாக்குபவர் தன் கணினியில் நேரடியாக ஏற்றிய நீட்சிக்கு மட்டுமே தருகிறது, ஸ்டோரிலிருந்து நிறுவியதற்கு இல்லை. 2022-ல் ஹில் வெளியிட்ட யூபிளாக் ஆரிஜின் லைட் நன்றாகத் தடுக்கிறது. பழைய லாகரின் முழு வெளிச்சம் அதில் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் பழைய முறையைத் தொடர்வதால் அங்கே அது அப்படியே இருக்கிறது.

தமிழ்த் தளங்களுக்கு விதி எழுதுபவர்கள் மிகக் குறைவு. இந்தியத் தளங்களுக்கென ‘இந்தியன்லிஸ்ட்’ என்ற பட்டியல் இருக்கிறது. ஆனால் ஒரு தமிழ்ச் செய்தித் தளம் உடைந்ததைத் தமிழ் படிப்பவர் சொன்னால்தான் அதன் பராமரிப்பாளருக்குத் தெரியும். தடுப்பானை அணைத்துவிட்டுப் படித்துப் போய்விடாதீர்கள். பக்கத்தின் முழு முகவரி, உலாவியின் பெயரும் பதிப்பும், லாகரில் சிவந்து நிற்கும் அந்த ஒரு வரி: இந்த மூன்றையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.